கைப்பிடிக்கு என்ன நிறம்

எங்கள் மேட்டில் அரசியலே கிடையாது என்று வெளியூர்ச் சொந்தக்காரர்களிடம் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அப்போதெல்லாம் என் மனைவி அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அவளுக்கு உண்மை தெரியும். எங்கள் குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். அரசியல் தினமும் வரும்.

டிக்கோயா போகிற ரோட்டுக்கு மேலே, தேயிலை மலையின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் வீட்டுத் திட்டம். ஒரு காலத்தில் எல்லோரும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை அறைகளில், இருந்தவர்கள்தான். இப்போது பாதிப் பேருக்கு ஹட்டன் டவுனில் வேலை. நானும் அங்கே ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலைக்கு நிற்கிறேன். ரோட்டிலிருந்து வீடுகளுக்கு வர ஒரே வழி செங்குத்தான சிமெந்துப் படிக்கட்டு. மழை பெய்தால் பாசி பிடித்து வழுக்கும். இங்கே மழை பெய்யாத நாளைத்தான் யோசித்துச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு நலன்புரிச் சங்கம் ஒன்று உண்டு. செயலாளர் நான். என் திறமையைப் பார்த்துத்தான் தெரிவு செய்தார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில்தான் பிளாஸ்டிக் கதிரைகள் அதிகம், அதுதான் காரணம் என்று மனைவி விளக்கினாள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொழுந்து பறித்துப் பறித்து முழங்கால் இரண்டும் போய்விட்டன. புருஷன் இல்லை, மகன் கொழும்பில். மாதா மாதம் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போக வேண்டும். படியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால், காலி உரப்பை ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, படி படியாக நகர்ந்து இறங்குவார். ஏறும்போது யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டும். இந்த வெட்கத்தில் கிளினிக்கைத் தவிர மற்ற எல்லாப் பயணத்தையும் விட்டுவிட்டார். கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இல்லை.

"புடிச்சிக்கிட்டு எறங்க ஒரு பைப்பு போட்டுக் குடுங்க தம்பி. வேற ஒன்னும் கேக்கல" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார்.

நாங்களும் பிரதேச சபைக்கு நடையாய் நடந்தோம். கடைசியில் பைப் வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. ரோட்டிலிருந்து நடுவில் இருக்கும் திருப்பம் வரை பொருத்திவிட்டு, மீதி பிறகு வரும் என்று ஆட்கள் போய்விட்டார்கள். உண்மையான செங்குத்து அந்தத் திருப்பத்துக்கு மேலேதான் இருக்கிறது. மேலே இருக்கும் அக்கா உரப்பையோடுதான் இறங்கினார்.

மீதிப் பைப்பைப் பற்றிப் பேசத்தான் கூட்டம் கூட்டினேன். ஆனால் யாரோ ஒருவர், "வந்த பைப்பு துருப்புடிக்குமே, பெயிண்ட் அடிக்க வேணாமா?" என்றார். அவ்வளவுதான்.

பச்சை என்றார்கள். அது அந்தக் கட்சி என்றார்கள். சிவப்பு இந்தக் கட்சி. நீலம் போன தடவை தோற்ற கட்சி. அவர்களுக்கு நிறத்தையாவது கொடுப்போம் என்று ஒருவர் இரக்கப்பட்டார். மஞ்சளை ஒரு தொழிற்சங்கம் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது. வெள்ளை என்றேன். சாவு வீட்டுக்குக் கொடி கட்டுகிற நிறத்தை வீட்டுக்கு வருகிற வழியில் பூசுவதா என்று என் மனைவியே எதிர்த்தாள். ஒரே சட்டியில் சாப்பிடுகிற அப்பனும் மகனும் என் கதிரைகளை ஆளுக்கொரு பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு சண்டை பிடித்தார்கள்.

"அந்த மீதிப் பைப்பு..." என்று ஆரம்பித்தார் அக்கா.

"அது அடுத்த கூட்டத்துலங்க அக்கா" என்றேன். எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனால் செயலாளர் என்றால் அப்படித்தான் பேச வரும்.

கடைசியில் கோயில் தர்மகர்த்தா வழி சொன்னார். பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மதிலுக்கு அடித்த காவியும் வெள்ளையும் மிச்சம் இருக்கிறது. அது அம்மன் நிறம். எந்தக் கட்சிக்காரன் வாய் திறப்பான்? ஒருவரும் திறக்கவில்லை. அடுத்த நாளே பைப் முழுக்கக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக அடித்தோம். பார்க்க லட்சணமாக இருந்தது. மேட்டில் சமாதானத்தைக் கொண்டுவந்தவன் என்று நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

பிறகுதான் செருப்புகள் சேர ஆரம்பித்தன.

மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் கீழ்ப் படியிலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறி வந்தார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களும் அப்படியே. யாரோ முதல் படியில் சூடம் கொளுத்தியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பைப்பில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன், மீன்காரர் ரோட்டிலேயே நின்றுவிட்டார்.

"கோயில் படியில மீன் கூடையோட ஏறச் சொல்றீங்களா? ஏற்கெனவே யாவாரம் சரியில்லீங்க" என்றார்.

"கோயில் எல்லாம் இல்லப்பா."

"இல்லேன்னா எதுக்குக் காவி அடிச்சிருக்கீங்க?"

கட்சிச் சண்டைக்குப் பயந்து அடித்தோம் என்று ஒரு மீன்காரரிடம் எப்படிச் சொல்வது? "புதுசா ஒன்னு எழுப்புற யோசனை" என்று உளறி வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் மேட்டில் மீன் குழம்பு வாசம் நின்றுபோனது. மனைவி வாரம் முழுக்கப் பருப்பு வைத்து என்னைப் பழி வாங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் சபைக்குப் புதிதாக வந்த மெம்பர், வெற்றிக்கு நன்றி சொல்ல வட்டாரத்தில் உள்ள கோயில்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். எங்கள் ரோட்டில் போன வேன் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளை வேட்டி சட்டையோடு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, தேங்காய்த் தட்டோடு அவரே ஏறி வருகிறார். கூட வந்தவர்கள் இன்னும் சப்பாத்துக் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தூறல் வேறு. நான் வரவேற்க மாலை தேடி வீட்டுக்குள் ஓடினேன். மாலைக்கு எங்கே போவது? மனைவி ஒரு கட்டுக் கருவேப்பிலையை நீட்டினாள். முறைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திருப்பம் வரை பைப்பைப் பிடித்து ஏறியவர், பைப் முடிந்த இடத்தில் கையை நீட்டிக் காற்றைப் பிடித்திருக்கிறார். தேங்காய் ரோட்டுக்குப் போய்விட்டது. மெம்பர் பாசிப்படியில் உட்கார்ந்திருந்தார். காலில் ஓர் அட்டை இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. மேலேயிருந்து கிளினிக்குக்காக உரப்பையில் நகர்ந்து நகர்ந்து வந்த அக்கா, அவருக்கு இரண்டு படி மேலே நின்றார், அதாவது உட்கார்ந்தார்.

"கோயில் எங்கம்மா?" என்றார் மெம்பர்.

"கோயில் இல்லீங்க ஐயா. எங்க வீடுங்கதான்."

"பொறவு நீங்க ஏன் இப்படி உக்காந்து வாறீங்க?"

"நீங்க எதுக்கு உக்காந்திருக்கீங்களோ அதுக்குத்தான்" என்ற அக்கா, உரப்பையை உருவி நீட்டினார். "இந்தாங்க, இதப் போட்டு எறங்குங்க. வேட்டி ஏற்கெனவே கெட்டுப்போச்சி."

அவர் வாங்க மறுத்துப் பார்த்தார். எழுந்தும் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். வட்டாரமே தெரிவு செய்த மனிதர் உரப்பையில் உட்கார்ந்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனதை நான் மேலே நின்று பார்த்தேன். திருப்பத்துக்குக் கீழே பைப் இருந்ததை அவரும் மறந்துவிட்டார், நானும் சொல்லவில்லை. கீழே அவருடைய ஆட்கள் சிரிப்பை அடக்க ஆளுக்கொரு திசையில் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உரப்பை அவர்களில் ஒருவர் கையில் அக்காவிடம் திரும்பி வந்தது.

அடுத்த வாரமே மீதிப் பைப் வந்து, அக்கா வீட்டு வாசல் வரை பொருத்தியாயிற்று. உடனே நான் கூட்டம் போட்டேன். காவி வேண்டாம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. மற்றபடி பழைய கதைதான். மெம்பர் கொடுத்த பைப்புக்கு மெம்பர் நிறம் என்றார்கள் சிலர். அப்படியென்றால் கீழ்ப் பாதிக்கு எங்கள் நிறம் என்றார்கள் மற்றவர்கள். கதிரைகள் திரும்ப ஆரம்பித்தன.

அக்கா நல்ல சேலை உடுத்தி, பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, பெயிண்ட் காய எத்தன நாளாவும்?"

இரும்புக் கடையில் நிற்கிறவன் என்ற முறையில் யோசித்துச் சொன்னேன். "இந்த மழைக்கு ரெண்டு மூணு நாளாவது ஆகுங்க அக்கா."

"அந்த ரெண்டு மூணு நாளும் நான் எதப் புடிச்சி எறங்குறது?"



"இன்னிக்கு கிளினிக் இல்லையே, எங்க கெளம்பிட்டீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"எங்கயும் இல்ல. சும்மா ரோட்டுக்கு" என்றார் அக்கா.

கூட்டம் அப்படியே வெளியே வந்து நின்றது. அக்கா பைப்பைப் பிடித்து, நின்றபடியே, நேராக இறங்கினார். ரோட்டில் போய் நின்று, போகிற பஸ்ஸையும் வருகிற பஸ்ஸையும் பார்த்தார். ஒன்றிலும் ஏறவில்லை. பிறகு யாரும் தள்ளாமல் மேலே ஏறி வந்தார். அப்பனும் மகனும் ஒரே பக்கம் நின்று பார்த்தார்கள்.

மேலே வந்தவர், உள்ளங்கையில் ஒட்டியிருந்த துருவைச் சேலையில் துடைத்தார். பைக்குள்ளிருந்து மடித்த உரப்பையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத வச்சிக்கங்க தம்பி. கூட்டத்துக்குக் கதிர பத்தாட்டி யாராவது உக்காரலாம்."