யப்பான் பிள்ளைகளின் காய்ச்சல்

அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: பெண் டொக்டர். அவரிடம் தொழில் பழக வந்திருந்த ஓர் இளம் டொக்டர். என் கணவர். பதினேழு வயது மகள் துர்க்கா. நான். எல்லாருக்கும் முன்னால் டொக்டர், "எனக்கு இன்னும் தெரியாது" என்று டெனிஷில் சொன்னார். இந்த நாட்டில் டொக்டர்மார் அப்படிச் சொல்வார்கள். இந்த ஹேர்னிங் நகரத்துக்கு வந்து இருபது வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. தெரியாதவரிடம் பிள்ளையை எப்படி ஒப்படைப்பது?

துர்க்காவின் கழுத்தில் இடது பக்கம் கட்டிகள். ஒன்றை வெட்டிச் சோதித்திருந்தார்கள். தானாக மாறும் ஓர் அபூர்வ நிணநீர்க்கட்டி நோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம் என்றார். அந்த முதல் நோயை யப்பானில்தான் கண்டுபிடித்தார்களாம். அங்கத்தைய நோயாளிகளைப் பற்றி எழுதியதைத் திரையில் காட்டினார். அதிகம் இளம் பெண்கள். கழுத்தில் கட்டி, வெள்ளை அணுக்கள் குறைவு, வாரக்கணக்கில் காய்ச்சல்.

"நாங்கள் யப்பான் இல்லையெண்டு சொல்லு பிள்ளை," என்றார் கணவர்.

"ஃபார், அவவுக்குத் தெரியும். சும்மா இருங்கோ." தகப்பனைத் துர்க்கா டெனிஷில்தான் கூப்பிடுவாள்.

எல்லாம் பொருந்துகிறது, காய்ச்சல்தான் இல்லை, அதனால் இன்னொரு கட்டியையும் வெட்டிப் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். துர்க்கா என்னைப் பார்த்தாள்.

"அம்மா, சொல்லட்டே?"

ஊரில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்துவிடுவார்கள். சண்டைக் காலத்தில் என் தம்பியை அப்படி மறித்தார்கள். அடுத்த நாள் பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஒரு மாதம் அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இருந்தோம். ஆகவே இங்கேயும் ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட முதல் துர்க்காவுக்குக் காய்ச்சல் குளிசை இரண்டு கொடுத்து, முகம் கழுவி, சீப்பால் தலை இழுத்துக் கூட்டிப் போனேன். கேட்டால் காய்ச்சல் இல்லையென்று சொல் என்றும் சொல்லியிருந்தேன்.

"சொல்லு," என்றேன்.

டொக்டர் ஏசவில்லை. ஏன் ஏசவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. குளிசையை நிறுத்தி, காலையும் மாலையும் அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

சாமிப் படத்துக்கு முன்னால் நின்றேன். காய்ச்சலை எடுத்துவிடு என்று கேட்டுத்தான் பழக்கம். கொடு என்று எப்படிக் கேட்பது? அன்று பின்னேரம் தெர்மாமீட்டர் முப்பத்தொன்பது பாகை காட்டியது.

"வந்திட்டுது," என்றேன்.

"அப்ப, சனத்துக்கு இனிப்புக் குடுப்பமோ?" என்றார் கணவர். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காய்ச்சல் அளந்து எழுதிய தாளைப் பார்த்தார்கள். வெட்டிய துண்டையும் திரும்பச் சோதித்தார்கள். யப்பானில் கண்ட நோய்தான். பெரிய மருந்து தேவையில்லை, தானாகப் போகும், எப்போது என்று தெரியாது என்றார் டொக்டர்.

தாள் இப்போது குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. கிழமைகளைத் துர்க்கா டெனிஷில் எழுதுகிறாள். பக்கத்தில் நான் திங்கள், செவ்வாய் என்று எழுதுகிறேன். நாங்கள் எந்த ஊர் என்று எழுத அதில் இடம் இல்லை. காய்ச்சல் இல்லாத நாட்கள் பதினொன்று.