பத்தாவது பாட்டு

இழவு வீட்டில் அழுதுவிட்டு வந்தால், தெருக்குழாயில் நானும் மதினியும் ஒருவர் தலையில் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போவோம். மதினி என் வீட்டுக்காரருக்கு அக்கா. ஒரே தெருவில் இருந்தோம். எங்கே சாவு விழுந்தாலும் ரெண்டு பேரும் தோளைக் கட்டிக்கொண்டு அழுவோம். அவள் எடுத்துக் கொடுப்பாள், நான் வாங்கிப் பாடுவேன். தனியாக நான் வாயைத் திறந்ததில்லை, கூச்சம்.

எங்கள் ஒப்பாரியை ஆல்பமாகப் போட வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாத்தியார் ஒருவர் வந்தார். ராஜபாளையத்தில் ஒரு மாடியறைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிச் சன்னல், பஞ்சு ஒட்டிய சுவர், கதவைச் சாத்தினால் ரோட்டுச் சத்தம் கேட்காது. மதினி சுற்றிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, பொணம் எங்க இருக்கு? பொணத்தப் பாக்காம எப்படி அழ?"

வாத்தியார் முழித்தார். மதினி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் மேல் துண்டை விரித்தாள். "ஏட்டி, இதுதான் ஒங்க மாமனாரு. அழு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுதோம். அப்பனுக்கு, ஆத்தாளுக்கு, புருஷனுக்கு என்று மத்தியானத்துக்குள் ஒன்பது பாட்டு முடிந்தது.

பத்தாவதாக, இளவயதில் போன பிள்ளைக்கு ஒன்று வேண்டும் என்றார் வாத்தியார்.

மதினிக்கு ஒரே மகன். பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவில் ஆற்றில் குளிக்கப் போனவனை, மலையிலிருந்து திடீரென்று இறங்கிய தண்ணீர் பாறையில் அடித்துப் போட்டுவிட்டது. அன்றைக்கு மதினி அழுத பாட்டு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அவளாகக் கட்டியது. அவள் தோளைப் பிடித்திருந்ததால் எனக்கும் அது மனப்பாடம். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவள் அதைப் பாடியதில்லை.

மைக் முன்னால் ரெண்டு வரி பாடினாள். மூன்றாவது வரி வரவில்லை. "செத்த நேரம் வெளிய இருந்துட்டு வாரேன்" என்று எழுந்து போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"ஒங்களுக்கும் இந்தப் பாட்டு தெரியுமாம்மா?" என்று வாத்தியார் கேட்டார்.

தலையை ஆட்டினேன். பெரிய மனிதர் கேட்டதற்கு மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பாடச் சொல்லி அவர் கையைத் தூக்கினார். பாடிவிட்டேன்.

*நீ நெய்த துணியெல்லாம் நெடுந்தூரம் போகுதய்யா*
*ஊருக்கெல்லாம் புண்ணு கட்டும் ஒம் புண்ணுக்கு எட்டலியே*
*எம் மகனே...*

கூச்சத்தில் பாடினேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாகப் பாடினேன். குரல் தடையில்லாமல் போனது. நன்றாக இருந்தது. என் மகன் உயிரோடு இருக்கிறான் என்பதுகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மதினி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "முடிஞ்சுதாடி?"

"முடிஞ்சுது மதினி."

என்ன முடிந்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆல்பம் வந்தது. மதினியிடம் போன் கிடையாது. லாரி ஓட்டுகிற என் மகன், தன் போனில் அந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டான். "எம் மகனே" என்று என் குரல் இழுக்கும்போது, சோற்றைப் பிசைந்துகொண்டே, "என்னம்மா?" என்றான் விளையாட்டாக. "அத அமத்துலே" என்று கத்தினேன். அவன் சிரித்தான். அந்தப் பாட்டை எடுத்துவிடச் சொல்லி வாத்தியாரிடம் ஆள் விட்டேன். எல்லார் போனிலும் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது.

அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பையன் பைக்கில் விழுந்து செத்துப்போனான். நானும் மதினியும் போனோம். தோளைக் கட்டி உட்கார்ந்து மதினி வாயைத் திறக்கும்போது, வாசல் வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் அந்தப் பத்தாவது பாட்டு என் குரலில் வந்தது.

முதல் வரியிலேயே மதினியின் கை என் தோளை விட்டது. எழுந்து போய் மரத்தடியில் நின்று, அண்ணாந்து பார்த்தபடி முழுப்பாட்டையும் கேட்டாள். உள்ளே அந்தப் பையனின் தாய், அந்தப் பாட்டுக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நான் கிட்டே போனேன். மதினி திட்டவில்லை.

"எம் புள்ள ஒருக்கத்தான்டி செத்தான். நீ வீட்டுக்கு வீடு சாக வச்சுட்டியே."

பிறகு தெருக்குழாய்க்குப் போனாள். நான் பின்னாலேயே போய்க் குடத்தைத் தூக்கினேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கி, தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டாள். குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரச்சேலையோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கு நான் குளிக்காமல் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.