மஞ்சள் பல்பு எரிந்த அறை

பல்பு வாங்கப் போனால் நான் படுத்தும் பாட்டில் கடைக்காரர் பெருமூச்சு விடுகிறார். "எல்லாம் எல்இடிதான்லா அக்கா, எத எடுத்தா என்ன?" என்கிறார். எதை எடுத்தால் என்னவா? பட்டவளுக்கல்லவா தெரியும்!

என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த வாரம் அது. ஈப்போவுக்குத் தெற்கே, ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று என் கணவரின் அக்கா அறைச் சன்னலைச் சாத்தி, கனத்த திரையும் போட்டுவிட்டார். பகலிலும் பல்புதான். கணவர் முதலில் மாட்டிய வெள்ளை எல்இடி ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று அக்கா முகம் சுளிக்க, மஞ்சள் வெளிச்சம் தரும் ஒன்றை மாட்டினார். நாள் முழுக்க எரிந்தாலும் கரண்டு அதிகம் இழுக்காது என்று அவருக்குப் பெருமை. பழைய குண்டு பல்பு போலச் சூடு இல்லையே, பச்சை உடம்புக்குக் கதகதப்பு வேண்டாமா என்று அக்காவுக்குக் குறை. எனக்கோ அந்த அறையில் சுவர், போர்வை, குழந்தை எல்லாமே மஞ்சளாகத் தெரிந்தது.

அன்று காலை குழந்தை பால் குடிக்கவில்லை. காதைத் தடவினேன், பாதத்தைச் சுண்டினேன். இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் துவண்டு தூங்கினாள்.

"அக்கா, புள்ள மஞ்சளா இருக்கு."

"பல்பு வெளிச்சம்லா அது. ஒன் கையும்தான் மஞ்சளா இருக்கு, பாரு."

பார்த்தேன். இருந்தது.

"சன்னல கொஞ்சம் தொறங்க."

"காத்து அடிச்சா ஜன்னி கண்டுரும்! பேசாம படு."

வேலைக்குக் கிளம்பிய கணவர் எட்டிப் பார்த்தார். "நாளைக்கு கிளினிக்லேருந்து நர்ஸ் மிஸ்ஸி வாராங்கல்ல? அவங்க பாக்கட்டும்."

நாளைக்கா? எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! குழந்தையை அள்ளிக்கொண்டு எழுந்தேன். அக்கா வாசலை மறித்து நின்றார்.

"தள்ளுங்க!"

அதுவரை அவரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. தையல் வலிக்க வலிக்க நடந்து, கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தேன். காலை வெயிலில் என் கை எப்போதும் போலக் கறுப்பாகத்தான் இருந்தது. குழந்தையின் முகம், நெஞ்சு, வயிறு வரை மஞ்சள் பூசினாற்போல் இருந்தது. கண்ணின் வெள்ளையும் அப்படியே.

என் காதை மூடத் துண்டோடு பின்னால் ஓடிவந்த அக்கா ஒரே ஒரு முறை பார்த்தார். "ஐயோ சாமி! தம்பி, காடிய எடுடா!" என்று அலறினார். வீட்டைப் பூட்டக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததுமே மஞ்சள் காமாலை என்று அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். கண்ணைக் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். அக்காவுக்கு மனது கேட்கவில்லை. "இவ்ளோ கிட்டக்க எரியுதே மிஸ்ஸி, புள்ளைக்குச் சுடாதா?"

"இது எல்இடிமா. அவ்வளவா சூடு இருக்காது, பயப்படாதீங்க."

அக்கா என் பக்கத்தில் நின்று கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் ஆறவில்லை.

மறுநாள் காலை என் மகள் பசியில் வீரிட்டு அழுதாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அவளைவிடச் சத்தமாக அழுதார்.