சியாப் கட்டத்து அட்டை

"நேத்து என்ன முடிச்ச, இன்னிக்கு என்ன முடிப்பன்னு தினமும் நிக்க வச்சுக் கேக்குறாங்க அக்கா. உக்காந்து வேலை பாக்க விட்டாத்தானே முடிக்க!"

காலையில் மகளை என் இடுப்பில் ஏற்றிவிட்டுப் புஷ்பவள்ளி சொல்லும் முதல் பேச்சு இதுதான். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எனக்கு எதிர்வீடு. கணவன் ஜொகூரில் வேலை. இவள் பீச் ஸ்திரீட்டில் ஒரு மாடி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறாள். லிஃப்ட் வரை போய்த் திரும்பி வருவாள்.

"அடுப்ப அணைச்சேனா அக்கா?"

"நீ இன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல. போ."

வழியில் வாங்கி விரலில் மாட்டிய கோப்பி-ஓ கடுங்காப்பிப் பையைக் குடிக்க மறந்து, சாயந்திரம் அப்படியே திரும்பக் கொண்டுவருவாள்.

எல்லாம் மேனேஜர் சிக்கந்தர் கோலாலம்பூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த பிறகுதான். சுவரில் பெரிய பலகை. ஒரு வேலைக்கு ஓர் அட்டை. முடிந்தால் 'சியாப்' என்ற கட்டத்துக்கு நகர்த்த வேண்டும். மாதக் கடைசியில் அங்கே யாருக்கு அட்டை குறைவோ அவருக்கு அடுத்த கான்ட்ராக்ட் கிடையாது. நம் நாட்டு வெள்ளிப் பணத்தின் மதிப்பு விழுந்ததிலிருந்து ஏற்கெனவே பல பேரை அனுப்பிவிட்டார்கள். பக்கத்து மேசை ரொஸ்னா கெட்டிக்காரி, ஒரே வேலையைத் துண்டு துண்டாக்கி அட்டை ஒட்டுகிறாள். அவள் வேலையில் சிக்கல் வந்தால் அவிழ்ப்பது புஷ்பவள்ளி. அதற்கு அட்டை இல்லை.

"நீயும் பிரிச்சு ஒட்டேன்டி" என்றேன்.

"ஒரே வேலைதானே அக்கா, எப்படி?"

இவளை என்ன செய்வது!

போன வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். அம்மா அம்மா என்று அழுததால் டாக்சி பிடித்து அலுவலகத்துக்கே தூக்கிப்போனேன். எல்லாரும் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

"புஷ்பா, பட்டர்வொர்த் கிடங்கு வேலை சியாப். இந்த மாசம் தப்பிச்சிட்ட. அடுத்து?" என்றார் சிக்கந்தர்.

"அது சியாப் இல்ல சார். நேத்து மறுபடி ஓட்டிப் பாத்தேன். திரும்பி வந்த சரக்கக் கணக்குல ரெண்டு தடவ சேக்குது."

"கிடங்குல கம்ப்ளேன் பண்ணாங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் என்னலா?"

"கம்ப்யூட்டர் அதிகமாக் காட்டும், கிடங்குல சரக்கு கம்மியா இருக்கும். அங்க நிக்கிற ஆளுங்கதான் திருடுனாங்கன்னு ஆயிடும் சார்."

"அந்தக் கார்ட எடுத்தா நீதான் ஆகக் கடைசி. தெரியும்ல?"

"டியாம்லா, வாய மூடு" என்று ரொஸ்னா அவள் கையைக் கிள்ளினாள்.

புஷ்பவள்ளிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனாலும் போய் அட்டையைப் பிய்த்து, முடியாத வேலைகள் பக்கம் ஒட்டினாள். ஒட்டவில்லை, விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி அழுத்தினாள்.

சிக்கந்தர் அப்போதுதான் பிள்ளையைப் பார்த்தார். "காய்ச்சலா? லீவு எடுத்துட்டுப் போ. கான்ட்ராக்ட் விஷயம் போன்ல சொல்றேன்."

அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள். பிள்ளை தேறிவிட்டது, இவள்தான் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைக்கிறாள். ஜெலுத்தோங் பக்கம் வருகிறவர்கள் ஏறிப் போய் அவளைப் பாருங்கள். நான் ஒருத்தி எவ்வளவுதான் பேசுவது? வேலையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். நடுவில் போன் அடித்தால் பக்கத்தில் போய் நிற்பாள், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருப்பாள், எடுக்கமாட்டாள். நீங்கள் எடுத்து அவள் கையில் கொடுங்கள்.