சந்து முனையில் நின்றுபோகும் கார்

கார்த்திகேசு கிராணியார் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. தலை நரைக்கும்வரை ரயில்வே ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துரை முகம் சுளித்தாலும் உள்ளதைத்தான் சொல்வார். அதனால் அவருக்கு மரியாதை நிறைய, சிநேகிதர் குறைவு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பிரிக்பீல்ட்ஸ் சந்து ஒன்றில் தனியாக இருந்தார். முழங்கால் வலியால் நடக்க முடியாத மனைவி குணபூசணியைக் கோயிலுக்குக் கூட்டிப்போகத்தான் அந்தப் பழைய சின்னக் காரை வாங்கினார். அவள் போய்ச் சேர்ந்த பிறகு காருக்கு என்ன வேலை? கோயில் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் மனுஷன் தினமும் காரில்தான் போவார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் அது அவளுடைய இருக்கை.

அந்தக் காருக்கு ஒரு நோய். ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கும்வரை ஓடும். காலை எடுத்தால் ஒரு உறுமல், ஒரு நடுக்கம், அவ்வளவுதான். காலையில் சந்து முனையில் மாட்டுவண்டிகளுக்கு வழிவிட்டு நிற்கும்போது தவறாமல் அணைந்துவிடும். அணைந்த எஞ்சின் கைப்பிடி போட்டுச் சுற்றினாலும் லேசில் கிளம்பாது. முனை வீட்டுப் பால்காரர் அய்யாவு கறவையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவார்.

"பிரேக்க விடுங்க கிராணியாரே, தள்ளுறேன்!"

அவர் மனைவி வள்ளியம்மா வாசலில் நின்று சிரிப்பாள். "இதுக்கு எங்க மாடே தேவல. காப்பி குடிச்சீங்களா ஐயா?"

கிராணியாருக்கு மானம் போகும். ஊருக்கெல்லாம் ரயில் ஓட்டிய இலாகாவில் இருந்தவரை ஒரு பால்காரர் தள்ளிவிடுவதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எஞ்சின் மூடியைத் திறந்தார்.

முதலில் ஆக்சிலேட்டர் கம்பி. துருப்பிடித்து இறுகியிருந்தது, எண்ணெய் விட்டார். கம்பி இளகியது, நோய் போகவில்லை. கார்புரேட்டரைக் கழற்றி, தூசி அடைத்திருந்த சின்னத் துவாரத்தை வாயால் ஊதினார். கொஞ்சம் தேறியது. அப்புறம்தான் 'ஸ்ஸ்' என்ற சத்தம் காதில் விழுந்தது. கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடுக்கில் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. தடித்த அட்டையை அளவாக வெட்டி, இடுக்கில் வைத்து முடுக்கினார்.

மிச்சம் இருந்தது, காலை எடுத்த பிறகும் எஞ்சினை ஓடவைக்கும் திருகாணி. அதைச் சரிசெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதியை மிதித்து, சொன்னதும் மெல்ல விட வேண்டும். முன்பெல்லாம் அது குணபூசணியின் வேலை. "விடும்... இன்னும் கொஞ்சம் விடும்..." என்று இவர் சொல்ல, "கால் நோகுதப்பா" என்று அவள் முனகுவாள். இப்போது மிதியின் மேல் ஒரு செங்கல்லை வைத்தார். செங்கல் சொன்ன பேச்சைக் கேட்குமா? ஒவ்வொரு தடவையும் இவரே ஓடி வந்து நகர்த்த வேண்டியிருந்தது. ஒருமுறை மறந்துபோய், "விடும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். அதன் பிறகு திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, தானே போய்ச் செங்கல்லை நகர்த்தினார்.

பொழுது சாய்வதற்குள் எஞ்சின் சீராக முணுமுணுத்தது.

மறுநாள் சந்து முனையில் நிறுத்தினார். கார் அணையவில்லை. மாட்டடியில் குனிந்திருந்த அய்யாவு தலை நிமிரவில்லை. வள்ளியம்மா வாசலில் இல்லை. கிராணியார் கோயிலுக்குப் போனார், கும்பிட்டார், வீடு திரும்பினார். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் உறைத்தது. அன்று முழுக்க அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் யாரிடமும் பேசவில்லை. தனியாக இருக்கிறோம் என்று தெரியும். இவ்வளவு தனியாக என்று தெரியாது.

விடிந்ததும் மறுபடி எஞ்சின் மூடியைத் திறந்து, திருப்புளியோடு நின்றார். வெட்கமாக இருந்தது. கை போகவில்லை. அப்போது பால் செம்போடு வள்ளியம்மா வந்தாள்.

"நேத்து உங்க வண்டிச் சத்தத்தையே காணோமே ஐயா? காய்ச்சலோ என்னமோன்னு இவரு ஒரே புலம்பல். வண்டி சரியாப் போச்சா?"

கிராணியார் திருகாணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இல்லை பிள்ளை, இன்னும் சரிவரேல்லை" என்று சொல்லிக்கொண்டே திருகாணியைப் பின்பக்கமாகச் சுற்றினார். "அய்யாவு வீட்டிலதானே நிப்பார்?"