அம்மா கேட்கச் சொன்ன கேள்வி

காலை ஐந்தேகால் மணிக்கு நானும் அம்மாவும் எங்கள் ஊரான கெடாரில் டவுன் பஸ் ஏறினோம். எண்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். பம்பாயில் இருக்கும் என் அக்காவுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கப் போவதாக முந்தின நாள்தான் தந்தி வந்திருந்தது. முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை அம்மா வராமல் ஆபரேஷன் அறைக்குள் போகமாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். மாமா தந்தியில் அதையும் சொல்லியிருந்தார். ரயிலில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. தந்தி வந்த அன்று சாயங்காலமே பாண்டிச்சேரிக்குப் போய் இரண்டு விமான டிக்கெட் எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திண்டிவனத்தில் அறிவியல் ஆசிரியை. டிக்கெட் என் சம்பளச் சேமிப்பில் எடுத்தது என்பதை இங்கே எழுதிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

கெடாரிலிருந்து விழுப்புரம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆறு மணிக்கு விழுப்புரத்தில் சென்னை எக்ஸ்பிரஸ் பிடித்தோம். கண்டக்டரிடம் "மீனம்பாக்கம் ரெண்டு" என்றேன்.

"ஏர்போர்ட்டா? யாரை ஏத்தி வுடப் போறீங்க?"

"நாங்கதான் போறோம்."

அவர் அம்மாவையும், அவள் மடியிலிருந்த கேப்பை மாவுப் பையையும் பார்த்தார். "யம்மா, மேலருந்து நம்ம பஸ்ஸு தெரிஞ்சா கை காட்டு, என்னா?"

"நீ ஒழுங்கா ஓட்டச் சொல்லுப்பா. அப்புறம் காட்டறேன்" என்றாள் அம்மா.

ஏழு மணிக்குத் திண்டிவனம். பஸ் பத்து நிமிஷம் நின்றது. ஜன்னல் வழியாக வேகவைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வாங்கித் தின்றுகொண்டே போனோம். பத்து மணிக்கு மீனம்பாக்கம்.

பகல் பன்னிரண்டே கால். விமானம் பெங்களூரில் நின்று பம்பாய் போவது. இடப்பக்க ஜன்னலோரம் அம்மா, நடுவில் நான், வழியோரம் மரக்காணத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்த ஏழுமலை. துபாய்க்கு வேலைக்குப் போகிறவர், பம்பாயில் விமானம் மாற வேண்டும். எங்களுக்கு முன்னால், எங்கள் விமானத்தைப்போல் இரண்டு பங்கு இருந்த ஒரு விமானம் கிளம்பிப் போனதை மூவரும் வேடிக்கை பார்த்தோம். வெளியே புல்கூட அசையவில்லை.

பிறகு நாங்கள் எழும்பினோம். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. எதன் மீதோ மோதியதுபோல் விமானம் குலுங்கியது; இடது இறக்கை கீழே போனது. அம்மாவின் ஜன்னலில் வானம் போய் ஓட்டு வீடுகள் வந்தன.

"வண்டி கவுருது! எல்லாரும் அந்தப் பக்கம் சாயுங்க!" என்று அம்மா கத்தினாள்.

மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டி வாய்க்கால் கரையில் ஒருபக்கம் சாய்ந்தால், எதிர்ப்பக்கம் தொங்கித்தான் எங்கள் ஊரில் நிமிர்த்துவோம். விமானம் அப்படி நிமிராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வலப்பக்கம் சாய்ந்தேன். ஏழுமலையும் கட்டுமரத்தில் சாய்வதுபோல் வழிப்பாதைமேல் பாதி உடம்பை நீட்டிவிட்டார். அடுத்த கணம் விமானம் வலப்பக்கம் புரண்டது. நானும் மாவுப் பையும் அவர்மேல் விழுந்தோம். எல்லாம் பத்து விநாடிதான். பிறகு நேராகிவிட்டது. முன்னால் போன பெரிய விமானம் கிளப்பிவிட்ட காற்றுச் சுழலில் மாட்டிக்கொண்டோம், இனிப் பயமில்லை என்று விமானி ஆங்கிலத்தில் அறிவித்தார்.

பகல் ஒரு மணி. பெங்களூர். வாசலில் படி வைத்ததும் அம்மா எழுந்தாள்.

"நான் இறங்கிக்கிறேன். ரயில்ல போவலாம்."

"ரயில்ல போனா நாளைக்கு ஒம்போது மணிக்குள்ள போவ முடியாதும்மா. அக்கா காத்துக்கினு இருப்பா."

"நடுவுல செத்துட்டா மட்டும் போயிச் சேருவனா?"

இறக்கை நுனியில் காற்று சுருண்டு, விமானம் போன பிறகும் பின்னால் சுழன்றுகொண்டிருக்கும் என்று விளக்கினேன்.

"காத்தே இல்லடி அங்க. எங்கிட்ட பாடம் நடத்தாத."

ஏழுமலை குறுக்கே வந்தார். "டீச்சரு சொல்றது மெய்தாம்மா. கடல்ல லாஞ்சு, அதான் விசைப்படகு, வரும்போது ஒண்ணுமில்ல, அது போனப்புறந்தான் பேஜாரு. பின்னால வர்ற தண்ணி கட்டுமரத்தையே பொரட்டிப்புடும். நாங்க ஜல்தியா குறுக்க போவமாட்டோம். தண்ணி அடங்கறவரிக்கும் துடுப்ப மடியில வச்சிக்கினு உக்காந்திருப்போம்."

அம்மா யோசித்தாள். "அப்போ இத ஓட்டற ஆளு ஏன் உக்காரல?"

"அத அவரத்தான் கேக்கணும்."

"கேளுடி. நீதான இங்கிலீசு படிச்சவ."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பள்ளியில் ஆங்கிலத்தைப் படித்திருந்தேனே தவிர, முன்பின் தெரியாதவரிடம் பேசியதில்லை. அதிலும் இந்தக் கேள்வி. கோட்டுப் போட்ட பயணிகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கையில் பையுடன் வாசலுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் பின்னால் போனேன்.

வாசலில் நின்றிருந்த விமானிக்குத் தலை நரைத்திருந்தது. வார்த்தை வார்த்தையாகக் கோத்து, ஏன் காத்திருக்கவில்லை என்று என் அம்மா கேட்கிறார் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தே பதில் சொன்னார்.

"இன்னாங்கிறாரு?"

"காத்திருந்தாராம், அம்மா. அது போதலியாம். காத்து வீசாத நாள்ல சுழல் சீக்கிரம் கலையாதாம். இங்கயும் நமக்கு முன்னால ஒரு பெரிய விமானம் போவுதாம். உனக்காக இன்னும் ரெண்டு நிமிஷம் கூட நிக்கிறேங்கிறாரு."

அம்மா அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய், தன் இடத்தில் உட்கார்ந்து, பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டாள்.

ஒன்றே முக்கால் மணி. பெரிய விமானம் கிளம்பிப் போய்விட்டது. நாங்கள் ஓடுபாதை முனையில் நின்றுகொண்டே இருந்தோம். பின்வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து அலுத்துக்கொண்டார். அம்மா ஜன்னலோடு ஒட்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "உக்காந்துக்கினு இருக்கறாரு பாரு" என்று என் கையைத் தட்டினாள். விமானம் எழும்பியபோது ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார், நானும்தான். மூடாதவள் அவள் ஒருத்தி.

அதற்குப் பிறகு எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ அதிகாரிகளிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டிருக்கிறேன். அன்று பெங்களூரில் நடுங்கியதுபோல் எங்கும் நடுங்கியதில்லை.

மாலை ஆறு மணி. பம்பாயில் அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு. அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இவ்ளோ சீக்கிரம் எப்படிம்மா வந்த?"

"ஏரோப்ளேன்லதான்" என்று அம்மா அவள் கண்ணைத் துடைத்தாள். "ஓட்டறவரு நல்ல மனுசன். சொன்னா கேக்கறாரு. நாளைக்கு உனக்குப் பாக்கப் போற டாக்டரு எங்க? அவரயும் ஒரு வார்த்த கேட்டுடலாம். வாடி சின்னவளே."