மல்லிகாவின் டின்களில் மட்டும் குருணை

“அக்கா, உதட்டுல மணல் ஒட்டுன மாதிரி இருக்குன்னு பொண்ணு சொல்லுது. லிப் பாம்ல என்ன போட்டீங்க?”

பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் மணப்பெண் அலங்காரம் செய்யும் மல்லிகா போனில் இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் கியூசி பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவள். அடுத்தவர் பொருளில் குறை கண்டுபிடித்தே காலத்தை ஓட்டியவள். ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் சொந்தமாக லிப் பாம் காய்ச்ச ஆரம்பித்ததும் என் பொருளின் குறையே எனக்குப் பிடிபடவில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. மெழுகு மேல் சந்தேகம்

செய்முறை எளிது. தேன்மெழுகு, ஷியா பட்டர் என்கிற கொட்டை வெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் வெந்நீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி, சின்ன டின்களில் ஊற்றி ஆறவிட வேண்டும். மற்றவர்களுக்குப் போனதெல்லாம் வழுவழுப்பாக இருந்தது. மல்லிகாவுக்குப் போனதில் மட்டும் குருணை. அதே அடுப்பு, அதே அளவு, அதே கை.

கூடுதல் நேரம் உருக்கினேன். மெழுகைக் கூட்டினேன், பாம் விறைத்ததே தவிர குருணை போகவில்லை. துணியில் வடிகட்டியும் பார்த்தேன். சூடாக இருக்கும்போது தெளிவாகத்தான் இருந்தது. கடைசியில் மல்லிகா மேலேயே பழியைப் போட்டேன்.

“கார்ல வெயில்ல வெச்சிருப்ப லா. உருகி மறுபடி உறைஞ்சிருக்கும்.”

“ஏசி போட்டுத்தான் பாலம் தாண்டுறேன்க்கா. இன்னொரு தரம் இப்படி வந்தா வேற ஆளப் பாத்துக்கிறேன் லா. என் பேருல்ல கெடுது.”

அவள்தான் என் பெரிய வாடிக்கை. அவள் போனால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான்.

2. வீட்டுக்காரரின் உதவி

வாரக் கடைசியில்தான் கல்யாணங்கள். அதனால் மல்லிகாவுக்கு எப்போதும் வெள்ளிக்கிழமை காய்ச்சுவேன். அன்றைக்கு ஊற்றிய டின்களைச் சூட்டோடு தட்டில் எடுத்துப்போய் என் வீட்டுக்காரர் சாமி முன்னால் வைப்பார். விளக்கு அணையக் கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டுக் கும்பிடுவார்.

குருணை விவகாரம் தெரிந்ததும் மனுஷன் தேவாரத்தைக் கூட்டினார், விளக்குக்கு எண்ணெயையும் கூட்டினார். அவர் உருகி உருகி வேண்ட, குருணை ரவை அளவுக்குப் பெரிதானது. இருவருக்கும் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

3. விளக்கேற்றாத வாரம்

சிம்பாங் அம்பாட்டில் அவருடைய பங்காளி ஒருவர் தவறிவிட்டார். தீட்டு வீட்டுப் பொருளை மணப்பெண்ணுக்குத் தர எனக்கு மனமில்லை. அந்த வாரம் வேண்டாம் என்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை சோதனைக்காக மட்டும் கொஞ்சம் காய்ச்சினேன். விளக்கில்லை, பூஜையில்லை. டின்கள் ஹால் மேசையில், சுற்றும் ஃபேனுக்குக் கீழேயே கிடந்தன.

மறுநாள் தொட்டுப் பார்த்தால் வெண்ணெய். சந்தோஷத்தில் அவரிடம் நீட்டினேன். அவர் முகம் சுண்டிப்போனது.

“அப்ப நான் கும்பிட்டதாலதான் கெட்டுச்சா, சரசு?”

அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அப்புறம்தான் கியூசி புத்தி வேலை செய்தது. அந்த வாரம் மாறியது பூஜை மட்டுமில்லை, ஃபேனும்தான். மற்றவர்களுக்குக் காய்ச்சும் நாட்களிலும் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஒரே பாத்திரத்துப் பாமைப் பாதி ஃபேனுக்குக் கீழேயும், பாதி காற்றில்லாத அறையிலும் ஆறவிட்டேன். அறையில் இருந்ததில் மட்டும் குருணை. ஷியா பட்டர் மெதுவாக ஆறினால் உள்ளுக்குள் கட்டி கட்டியாகத் திரண்டுவிடுகிறது.

“உங்க சாமி மேலயும் குத்தமில்ல, உங்க மேலயும் குத்தமில்லங்க. புழுக்கத்துல ஆறுனதுதான் கோளாறு.”

அவர் இரண்டு தட்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தீட்டு கழிந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, டின்கள் ஃபேனுக்குக் கீழே நன்றாக உறைந்ததும் அவரே ஃபேனை நிறுத்தி விளக்கேற்றினார். மறுநாள் வந்த மல்லிகா ஒரு டின்னைத் திறந்து, விரலால் தொட்டு உதட்டில் தடவிக்கொண்டாள். அடுத்த வாரத்துக்கும் சேர்த்து ஆர்டர் சொன்னாள்.

பொருள் கெட்டால் என்ன போட்டோம் என்று மட்டும் தேடாதீர்கள். அது எங்கே, எப்படி ஆறியது என்றும் பாருங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

“என்னக்கா மாத்துனீங்க?” என்று அன்றே மல்லிகா கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“ஒன்னும் மாத்தலம்மா. சாமிகிட்ட போறதுக்கு முந்தி கொஞ்சம் காத்து வாங்க விட்டோம்.”